எங்கள் வீட்டுப் பின்மேடு சரிந்தபோது கற்றுக்கொண்டது

2009 நவம்பர் 9-ஆம் தேதி மதியம் எங்கள் சமையலறையின் பின்கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. விடாத மழை. மரம் ஈரத்தில் ஊதியிருக்கும் என்று நினைத்து, தோளால் முட்டித் திறந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் மாட்டியது. இந்த முறை முட்டியும் திறக்கவில்லை.

அப்பா கதவைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரை ஒரு குழாய் வைத்துத் தொட்டியில் விட்டிருந்தோம். கோடையில்கூட நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். அவ்வளவு மழையில் அது நின்றுபோயிருந்தது. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு குழாய் வாயையே பார்த்தபடி நின்றார்.

"தம்பி, இந்த மழைக்கு ஊத்து பொங்கி வரணும். நின்னு போச்சுன்னா தண்ணி உள்ளேயே நிக்குது. இன்னைக்கு ராத்திரி இங்க படுக்க வேணாம்."

நான் வாக்குவாதம் செய்தேன். மனைவி செய்யவில்லை. குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு முதலில் கிளம்பியது அவள்தான். எதிர்ப்பக்கம், பாறை முகட்டின் மேல் இருந்த ஓர் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்தோம். நடுராத்திரி தாண்டி, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். விடிந்து போய்ப் பார்த்தால் சமையலறையும் குளியலறையும் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு ஆள் உயரத்துக்குக் கிடந்தது. அதில் ஐந்து கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) தலைகீழாகக் குத்தி நின்றன.

அந்த ஓரிரு நாட்களில் நீலகிரி முழுக்க 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கள் மலை எதைத் தாங்க வேண்டியிருந்தது என்று புரியும். எங்கள் வீட்டில் எல்லாரும் பிழைத்தோம். அதற்கு அப்பாவின் கண்தான் காரணம். என் புத்தி இல்லை.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் சரிவு பற்றிப் பேச்சு வரும்போது, "மரத்தை வெட்டினார்கள், மண் சரிந்தது, மரம் நட்டால் சரியாகிவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் என் வீட்டுக்குப் பின்னால் மரம் நின்ற இடம்தான் சரிந்தது. இருபது அடி தள்ளி, மரமே இல்லாமல் பழைய தேயிலையும் புல்லும் இருந்த மேடு அசையாமல் நின்றது. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் பிடித்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன். மலைச் சரிவில் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் இடம் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா பிறந்தது இலங்கையில், ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970-களில் குடும்பத்தோடு இங்கே வந்தார்கள். டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா வேலை பார்த்துச் சேர்த்த காசில் அரை ஏக்கர் சரிவு நிலம் வாங்கினார். மேலே தேயிலை, கீழே ஓரமாக வீடு. நிலம் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை வீடு கட்டுவது இல்லை, கான் வெட்டுவது.

கான் என்றால் தேயிலைக்காட்டில் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால். இங்கே பிறந்தவர்கள் பலருக்கு அந்தச் சொல் தெரியாது. அப்பாவின் அப்பா ஹப்புத்தளையில் கான் வெட்டுகிற ஆள். நூறு அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் போதும். அதற்கு மேல் போனால் தண்ணீர் வேகம் பிடித்துக் கானையே அரித்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டி, கடைசியில் கல் பதித்த ஒரு பெரிய வாய்க்காலில் கொண்டுபோய் விடுவார்கள். மேலே பெய்கிற மழை சரிவில் நேராக இறங்காமல், பக்கவாட்டில் நடந்து போய் வெளியேறும். அப்பா எங்கள் நிலத்தில் மூன்று கான்கள் வெட்டியிருந்தார்.

அதில் வீட்டுக்கு நேர் மேலே இருந்த ஒன்றை 2006-இல் மூடியது நான்.

கல்யாணம் ஆகி வீட்டில் இடம் போதவில்லை. சமையலறையைப் பின்னால் தள்ளிக் கட்டலாம் என்று மேட்டைப் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டினோம். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது? மேலே இருந்த கானில் கொட்டி நிரவினேன். வழியில் நின்ற மூன்று சில்வர் ஓக் மரங்களையும் வெட்டினோம். மேட்டின் அந்தப் பகுதியில் இருந்த பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி வைத்தேன். வெட்டிய மேட்டுக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினோம்; அதில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டைகூட வைக்கவில்லை. கட்டினவர் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரின் பின்பக்கம் விழுந்தது. அப்பா அப்போது சொன்னார்: "கானை மூடாதே." நான் கேட்கவில்லை. மூன்று மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

சரிந்து இரண்டு வாரம் கழித்து, ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். அண்ணனுக்குத் தெரிந்தவர். வந்ததும் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், ஒரு சிறு களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு நேராகச் சரிந்த முகத்துக்கு முன்னால் போய் நின்றார். "இங்க வாங்க, உங்க நிலத்தை இப்பதான் உள்ளே பார்க்க முடியும்" என்றார்.

மேலே ஓர் அடி கருப்பு மண். இலை மக்கி, பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே ஐந்தடி போலச் செம்மண். அதற்கும் கீழே, வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக, இடையிடையே ரோஸ் நிறக் கோடு ஓடிய ஒரு களிமண். ஈரத்தில் பளபளத்தது. கட்டை விரலால் தேய்க்கச் சொன்னார். சோப்புக் கட்டியைத் தேய்ப்பது மாதிரி வழுக்கியது. செம்மண்ணும் அந்த வெள்ளைக் களிமண்ணும் சேர்கிற கோட்டில், மழை நின்று இத்தனை நாள் ஆகியும், தண்ணீர் வியர்வை மாதிரிக் கசிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கோட்டுலதான் உங்க மேடு வழுக்கியிருக்கு" என்றார்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையில் இருப்பதும் அதே வகைப் பாறைதான். இங்கே லட்சக்கணக்கான வருஷ மழையில் அந்தப் பாறை இருந்த இடத்திலேயே மக்கி மண்ணாகியிருக்கிறது. சில இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்கும் மேல் ஆழம். பார்த்தால் பாறையின் வரிகள் அப்படியே தெரியும். கத்தியை வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். செம்மண் தண்ணீரை உள்ளே விடுகிறது. கீழே உள்ள களிமண் விடுவதில்லை. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கே முட்டி நிற்கிறது. போக வழி இல்லாவிட்டால் மட்டம் ஏறுகிறது.

தண்ணீர் நின்றால் மண் ஏன் சரிகிறது? மண் கனமாகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை அவர் இப்படிச் சொன்னார். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நடந்தால் கால் ஊன்றும். மார்பளவுக்குப் போனால் அதே கால் தரையில் நிற்காது, தண்ணீர் ஆளைத் தூக்கிவிடும். மண் துகளுக்கும் அதே கதிதான். ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி உரசிக்கொண்டிருப்பதால்தான் சரிவில் மண் நிற்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து அழுத்தம் ஏறியதும் அந்த உரசல் குறைந்துபோகிறது. கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவார்களே, லேசான ஈரம் இருந்தால் நிற்கும், ஊறிவிட்டால் கரையும்.

சரி, வேர்? அதைத்தான் நான் கேட்டேன். மேட்டு விளிம்பில் ஐந்து கற்பூர மரம் நின்றதே, அது ஏன் பிடிக்கவில்லை?

அவர் சேற்றில் கிடந்த ஒரு மரத்தின் அடிவேரைக் காட்டினார். வேர்கள் கீழே இறங்கி, களிமண் வந்த இடத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. கற்பூர மரம் ஆழமாக வேர் விடும் மரம்தான். ஆனால் எங்கள் மேட்டில் அது அந்தக் களிமண்ணைத் துளைக்கவில்லை. வழுக்கிய கோட்டுக்கு மேலேயே வேர் எல்லாம் இருந்தது. அப்படியானால் வேர் மண்ணை மலையோடு சேர்த்துக் கட்டவில்லை. சரியப்போகிற மண்ணை அதற்குள்ளேயே கட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான். போதாததற்கு, 2006-இல் நான் மேட்டைச் செங்குத்தாக வெட்டியபோது ஒரு பக்கத்து வேர் முழுக்க அறுந்துபோயிருந்தது. அறுபது அடி மரம் விளிம்பில் நின்று காற்றில் ஆடும்போது, கடப்பாரை வைத்து நெம்புவது மாதிரி மண்ணை நெம்பும்.

அடுத்து அவர் காட்டியதை நான் மறக்கவே மாட்டேன். வெட்டிய சில்வர் ஓக்கின் வேர் ஒன்று சரிவு முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பருமன். லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கையோடு கழன்று வந்தது, உள்ளே பஞ்சு. அந்த வேர் இருந்த இடத்தில் மண்ணுக்குள் ஒரு குழாய் மாதிரி ஓட்டை. உள்ளே குச்சியை விட்டால் முழங்கை நீளத்துக்குப் போனது. "மரத்தை வெட்டின அன்னைக்கே வேர் சாகாது. மூணு நாலு வருஷத்துல பிடி போயிடும். பக்கத்துல புது வேர் அந்த பலத்துக்கு வர்றதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். நடுவுல இருக்கிற காலம்தான் ஆபத்து. நீங்க எப்ப வெட்டினீங்க?" என்று கேட்டார். 2006 என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் மரம் வெட்டியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். வெட்டிய வருஷம் ஒன்றும் நடக்கவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மூன்றாம், நான்காம் மழைக்காலத்திலிருந்து பல வருஷத்துக்குக் கவனம் வேண்டும்.

சரியாமல் நின்ற பக்கத்து மேட்டுக்கும் கூட்டிப்போனார். அங்கே இருந்தது அப்பா காலத்துக்கும் முந்தைய விதைத் தேயிலை. சரிவின் ஓரத்தில் ஒரு செடியின் வேர் வெளியே தெரிந்தது. மேலே இடுப்பளவுகூட இல்லாத செடி. ஆணிவேர் மணிக்கட்டுப் பருமனில் செம்மண்ணைத் தாண்டி, களிமண்ணுக்குள்ளும் இறங்கியிருந்தது. நான் புதிதாக வைத்தது தண்டு வெட்டி வளர்க்கும் வி.பி. செடி. மகசூல் அதிகம், எல்லாச் செடியும் ஒரே மாதிரி வரும். ஆனால் அதற்கு விதைச் செடியின் ஆணிவேர் கிடையாது; நாலு பக்கமும் மேலாகப் பரவும் வேர்தான். தேயிலை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். மண்ணுக்கு அப்படி இல்லை. வி.பி. செடி வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, எங்கள் வயிற்றுப்பாடு அதில்தான் ஓடுகிறது. செங்குத்தான இடத்தில் இருக்கிற பழைய விதைச் செடிகளை மட்டும் பிடுங்காதீர்கள். அங்கே கிடைக்கிற கொழுந்து குறைவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மேட்டில் அப்பா வெட்டிய கானும் மூடாமல் இருந்தது. அதையும் பெரியவர் காட்டினார். வேர் மட்டும் அந்த இடத்தைக் காப்பாற்றவில்லை. தண்ணீர் போக வழி இருந்தது, பிடிக்க வேரும் இருந்தது. என் பக்கத்தில் இரண்டையும் நானே எடுத்துவிட்டேன்.

பிறகு சரி செய்த கதை. நாலு வருஷம் ஆனது. எந்த வரிசையில் செய்தோம் என்பது முக்கியம். நான் முதலில் மரக்கன்று வாங்கத்தான் கிளம்பினேன். "முதல்ல தண்ணி, அப்புறம் புல்லு, கடைசியிலதான் மரம்" என்று பெரியவரும் அப்பாவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் நாலு லட்சம் லிட்டர். எங்கள் கூரை 600 சதுர அடி. அதே பத்து சென்டிமீட்டருக்கு அதிலிருந்து மட்டும் ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டர் விழும். அத்தனையையும் நான் தடுப்புச் சுவரின் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று ஒரு மழை நாளில் வெளியே வந்து நின்று பாருங்கள்.

மூடிய கானை மறுபடி வெட்டினோம். அப்பாதான் மட்டம் பார்த்தார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் வைத்து, பலகை மேல் படுக்கவைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து நகர்ந்தார். கூரையின் நாலு பக்கமும் தகரத் தாழ்வாரக் குழாய் வைத்து, தண்ணீரைப் பைப்பில் இறக்கி, கல் பதித்த வாய்க்காலில் விட்டோம். கழிவுநீர்க் குழியையும் மேட்டை ஒட்டிய இடத்திலிருந்து எடுத்து, வீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் தள்ளினோம். மழை இல்லாத நாளிலும் மண்ணை ஊற வைத்தது அதுதான். புதுத் தடுப்புச் சுவரில் ஐந்தடிக்கு ஒரு வடிகுழாய். சுவருக்குப் பின்னால் மண்ணை நேராகப் போடாமல், ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பினோம். மழை நாளில் அந்தக் குழாய்கள் சொட்டுவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனசு லேசாகும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழி சமவெளியில் நல்ல விஷயம். கீழே களிமண் படுகை உள்ள செங்குத்துச் சரிவில் அதே குழியை வெட்டினால், வெளியேற வேண்டிய தண்ணீரை நாமே சரிவுக்குள் ஊட்டுகிறோம். ஊரில் நல்லது என்று கேட்டு, நல்ல எண்ணத்தோடு வீட்டு மேட்டில் வரிசையாகக் குழி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள்.

பார்ப்பது கஷ்டம் இல்லை. பக்கத்தில் ரோட்டுக்கு வெட்டிய மண்மேடு இருந்தால் அதுவே உங்களுக்குப் பாடப்புத்தகம். எத்தனை அடியில் நிறம் மாறுகிறது, எங்கே கசிகிறது என்று தெரியும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில். களி ஒரு நாள் தாண்டியும் தண்ணீரைக் கலங்க வைத்திருக்கும். மூன்று ஆழத்தில் மண் எடுத்து மூன்று பாட்டிலில் போட்டுப் பார்த்தோம். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. மூன்றாவது பாட்டில் ரெண்டு நாளாகப் பால் மாதிரியே இருந்ததை அவள் இன்னும் சொல்வாள்.

அப்புறம் புல். செங்குத்தாக வெட்டிய மேட்டை மூன்று படியாக உடைத்து, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டோம், ஒரு கைப்பிடியிலிருந்து அடுத்தது அரை அடிக்குள். வெட்டிவேர் பக்கத்தில் படராமல் நேராகக் கீழே இறங்கும்; நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரைகூட. எங்கள் குளிருக்கு அது முதல் வருஷம் சோம்பிக்கிடந்தது. பனி விழுகிற இடமாக இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். நாங்கள் தேயிலைத் தோட்டங்களில் மண்ணுக்காக வளர்க்கும் கௌதமாலா புல்லையும் இடையில் வைத்தோம். புல் செய்கிற வேலை பெரிது. மழைத்துளி மண்ணில் நேராக அடிக்காது. மேல் இரண்டு மூன்றடி மண்ணை நெருக்கமாகப் பின்னிவைக்கும். மரத்தின் பாரமும் இல்லை, காற்றில் நெம்பலும் இல்லை. நீலகிரியில் நெடுஞ்சாலையோரச் சரிவுகளில் இப்போது நீளமான இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் ஆணி மாதிரி அடித்து, வலை போட்டு, மேலே புல் விதையைத் தெளிக்கிறார்கள். ஆழத்துக்குக் கம்பி, மேலுக்குப் புல். நம்மால் அவ்வளவு செலவு செய்ய முடியாது. ஆனால் யோசனை அதேதான்.

மரம் கடைசியில். விளிம்பில் ஒன்றுகூட வைக்கவில்லை. மேட்டின் அடியிலும், கானுக்கு மேலே நிலம் தணிந்து இருக்கும் இடத்திலும் நாவல், காட்டுச் செண்பகம், காட்டுப்பூவரசு என்று சோலை மரங்களை, அதாவது இந்த மலைக்கே உரிய காட்டு மரங்களை வைத்தோம். வளர்ச்சி ரொம்ப மெதுவு. பத்து வருஷத்தில் என் உயரத்தைத் தாண்டியவை சிலதான். சீகை மரம் (இங்கே வாட்டில் மரத்தை அப்படிச் சொல்வோம்) இரண்டே வருஷத்தில் கூரை உயரம் வரும். ஆனால் அதன் வேர் மேலாக நிற்கும். காற்றடித்தால் மண்ணோடு பெயர்ந்து விழுந்து, அந்தக் குழியில் தண்ணீர் நேராக இறங்கும். ஏற்கெனவே நிற்கும் சீகையை ஒரே நாளில் வெட்டித் தள்ளவும் கூடாது. வேர் மக்கிய கதை அங்கேயும் வரும். அதன் நிழலிலேயே சோலைக் கன்றுகளை வளர்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் நல்லது.

நேரம் கிடைக்கும்போது மிச்சம் இருக்கிற ஒரு சோலைக்குள் போய்ப் பாருங்கள். கனமழையிலும் உள்ளே மழை தாமதமாகத்தான் தரையைத் தொடும். கீழே காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும் இலைமக்கு. அந்த மெத்தை ஒரே நாளில் பெய்ததைப் பல நாளுக்கு வைத்துக் கசியவிடும். பக்கத்தில் உள்ள கேரட் தோட்டத்தில் பார்த்தால், பாத்திகள் மேலிருந்து கீழாக ஓடும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால் அப்படி. விவசாயி மேல் தப்பில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எல்லாம் கீழே யாரோ ஒருவர் வீட்டுத் தலைமாட்டில்தான் போய் நிற்கிறது. மேலே தோட்டம் வைத்திருப்பவரிடம் சண்டை போடாமல், வேனிற்காலத்திலேயே போய்ப் பேசி, பாத்தி முடிகிற இடத்தில் ஒரு குறுக்குக் கான் வெட்ட ஒத்துக்கொள்ள வையுங்கள். நாங்கள் கூலியைப் பாதிப்பாதி போட்டுக்கொண்டோம்.

இதையெல்லாம் செய்தால் ஆபத்தே இல்லையா என்று கேட்டால், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த சரிவு, ஊருக்கு வெகு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கி எட்டு கிலோமீட்டர் ஓடியது. அது தொடங்கிய இடத்தில் காடு இருந்தது. வேர் எட்டாத ஆழத்தில், இரண்டு நாள் பேய்மழையில் மலை பெயர்ந்தால் எந்த மரமும் நிறுத்தாது. ஆற்றுப் பள்ளத்திலும் ஓடை முகத்திலும் குடியிருப்பவர்களுக்கு நம் கானும் புல்லும் விடையாகாது. அவர்களுக்கு வேறு இடம்தான் விடை.

அப்பா அதை வேறொரு நாளில் சொன்னார். 2014 அக்டோபர் 29, மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன செய்தி டிவியில் ஓடியது. கொஸ்லந்தைப் பக்கம், அவர் பிறந்த ஊருக்கு அருகில். அங்கே இருந்தவர்களை 2005-லும் 2011-லும் இடம் மாறச் சொல்லி எச்சரித்திருந்தார்கள் என்றார் செய்தி வாசித்தவர். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே, "போகச் சொன்னாங்க சரி, எங்க போகணும்னு யார் சொன்னது? லயத்தை விட்டா அவங்களுக்கு ஏது நிலம்?" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எச்சரிக்கை கொடுப்பதோடு, போக ஒரு வீடும் கொடுக்க வேண்டும். மலைக்குடிகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தில் நான் இப்போது கவனிப்பவை: கதவு ஜன்னல் திடீரென்று மாட்டுவது, சுவரிலோ தரையிலோ புது விரிசல், மேட்டின் தலையில் பிறை வடிவத்தில் வெடிப்பு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, தெளிந்து வந்த ஊற்று கலங்குவது, அல்லது மழையில் நின்றுபோவது. ஓடையில் மழைக்கு நடுவே தண்ணீர் சட்டென்று குறைந்தால் மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது. ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்கக்கூடாது. இதில் எதையாவது பார்த்தால் சாமான் எடுக்க நேரம் செலவழிக்காதீர்கள். பள்ளத்தை விட்டு, பக்கவாட்டில் முகட்டுக்குப் போங்கள். ராத்திரி ஆவதற்குள் போங்கள்.

அப்பா 2018-இல் இறந்தார். எங்கள் மேட்டின் தலையில், சரிந்த இடத்துக்கு இரண்டு அடி மேலே, 2009-இல் விழுந்த ஒரு வெடிப்பு உண்டு. அதைக் களிமண் வைத்து அடைத்து, மழைத் தண்ணீர் இறங்காமல் புல் போட்டு மூடினோம். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்பு முளைகளை அப்பா அடித்து வைத்தார். ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கான்களில் மண்வெட்டியோடு ஒரு சுற்றுப் போய் வந்த பிறகு, நானும் மகளும் டேப் பிடித்து அந்த இரண்டு முளைகளுக்கும் நடுவே அளப்போம். அளவைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் அவள் பென்சிலால் எழுதுவாள். முதல் வரியில் அப்பாவின் கையெழுத்தில் 41 செ.மீ. என்று இருக்கும். போன அக்டோபரில் அவள் எழுதியதும் 41.